நம்ம வயலின் கோடு கம்ப்யூட்டருக்குள் போன கதை



சென்ற மாதம் கிருஷ்ணன்கோவில் பகுதிக் குழுக்களின் கூட்டத்தில் சந்தா, உள்கடன் கணக்கெல்லாம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் ஒரு அக்கா இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். ஒன்று அவருடைய மாமனார் காலத்தில் வாங்கி வைத்த பழைய புலப்பட நகல். பழுப்பேறி, மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. இன்னொன்று இ-சேவை மையத்தில் எடுத்த புதுப் பிரிண்ட். "ரெண்டும் ஒரே சர்வே நம்பர் தாங்க. பழசுல ஓடைப் பக்கம் வரப்பு வளைஞ்சு கிடக்கு. புதுசுல நேரா கோடு போட்டு வச்சிருக்காங்க. பழைய படத்தைப் போட்டோ புடிச்சுத் தான ஏத்துவாங்க? அப்படின்னா அதே மாதிரி தான வரணும்? யாரும் மாத்திப்புட்டாங்களா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை. நம் குழுக்களில் நிலம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அப்பா வீட்டுப் பங்கு இன்னும் பிரியாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள், குழுக்கடனில் அரை ஏக்கர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இந்த இதழில் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். புலப்படத்தைப் போட்டோ பிடித்து ஏற்றவில்லை. கம்ப்யூட்டரில் மறுபடியும் வரைந்தார்கள். அந்த அக்காவின் சந்தேகத்துக்குப் பதில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

போட்டோ வேறு, கோடு வேறு

ஒரு படத்தை ஸ்கேன் செய்தால் கம்ப்யூட்டருக்குள் என்ன போகிறது தெரியுமா? வெறும் புள்ளிகள். ஸ்கேனரை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஒரு சதுர அங்குலத் தாளுக்கு 90,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா, வெள்ளையா, பழுப்பா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். இது வரப்பு, இது கிணறு, இது நாலாவது சர்வே எண் என்பதெல்லாம் தெரியாது. அதன் கண்ணுக்கு எல்லைக் கோடும் ஒன்றுதான், மாமனார் சிந்திய டீக்கறையும் ஒன்றுதான். அந்தப் படத்தில் ஒரு கோட்டை மட்டும் நகர்த்த முடியாது. நீளம் எவ்வளவு என்று கேட்டாலும் அதனால் சொல்ல முடியாது. பெரிதாக்கிப் பார்த்தால் கோடு படிக்கட்டு மாதிரி உடைந்து தெரியும், அவ்வளவுதான்.

நமக்குத் தெரிந்த கோலத்தை வைத்துப் பார்ப்போம். பக்கத்துத் தெருவில் போட்ட மார்கழிக் கோலத்தைச் செல்போனில் படம் பிடித்து வைப்பது ஒரு வகை. "15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி, மூன்றாம் வரிசை இரண்டாம் புள்ளியிலிருந்து நான்காம் வரிசைக்கு இழு" என்று நோட்டில் எழுதி வைப்பது இன்னொரு வகை. போட்டோவில் ஒரு இதழைக் குறைக்க வேண்டும் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. நோட்டில் எழுதியது இருந்தால் சின்ன வாசலுக்குச் சின்னதாக, பெரிய வாசலுக்குப் பெரியதாக, வேண்டிய இடத்தில் மாற்றியும் போடலாம். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்ற விவரம் கையில் இருக்கிறதே, அதனால்தான்.

வரைபடம் வரையும் சாஃப்ட்வேர்கள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஆட்டோகேட் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1982-ல் வந்தது. கலசலிங்கத்தில் சிவில், மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகளிடம் பஸ்ஸில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். இதில் ஒரு கோடு என்பது அதன் தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும்தான். இரண்டு முனையும் தெரிந்துவிட்டால் நீளத்தை அதுவே கணக்குப் போடும். கோடுகள் சேர்ந்து ஒரு வயலை முழுவதும் அடைத்துவிட்டால் பரப்பையும் அதுவே சொல்லும். நடுவில் ஒரு கோடு போட்டு அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று பிரித்தால் இரண்டு துண்டின் பரப்பும் தனித்தனியாக வந்துவிடும்.

தடம் பிடித்து வரைவது

ஸ்கேன் செய்த படத்தைக் கோடுகளாக மாற்ற ஒரு வழி உண்டு. ஜாக்கெட் கழுத்து டிசைனைக் கார்பன் பேப்பர் வைத்து எடுப்பீர்களே, அதே வேலைதான். படத்தைத் திரையில் அடியில் விரித்துக்கொள்வார்கள். கோணலாக ஸ்கேன் ஆகியிருந்தால் திருப்பி நேராக்குவார்கள். அடுத்து படத்தில் நீளம் தெரிந்த ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்து, "இது 100 மீட்டர்" என்று சாஃப்ட்வேருக்குச் சொல்வார்கள். படம் முழுவதும் அந்த அளவுக்குச் சுருங்கியோ விரிந்தோ கொள்ளும். அதற்கு மேலே ஒரு கண்ணாடித்தாளை வைத்த மாதிரி புது அடுக்கு ஒன்றைத் திறந்து, கோட்டின் மேலேயே மவுஸால் முனைக்கு முனை கிளிக் செய்துகொண்டே போவார்கள். வரப்புக்கு ஒரு அடுக்கு, ஓடைக்கு ஒரு அடுக்கு, எழுத்துகளுக்கு ஒரு அடுக்கு. கடைசியில் அடியில் இருக்கும் போட்டோவை உருவி எடுத்துவிட்டால் கோடுகள் மட்டும் மிஞ்சும்.

இதில் கவனிக்க வேண்டியது முனைகள். இரண்டு வயலுக்கும் பொதுவான மூலையில் இரண்டு கோடும் ஒரே புள்ளியில் முட்ட வேண்டும். கண்ணுக்கு முட்டியது போலத் தெரிந்தும் மயிரிழை இடைவெளி விட்டிருந்தால் வயல் அடைபடாது, பரப்பு வராது. அதனால் முனைக்கு அருகில் போனதும் காந்தம் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வசதி இந்த சாஃப்ட்வேர்களில் இருக்கிறது.

"மனுஷர் எதுக்கு, கம்ப்யூட்டரே தானா வரைஞ்சுக்காதா?" என்று கேட்பீர்கள். வரையும். கறுப்புப் புள்ளிகள் போகிற வழியைத் தானே தொடர்ந்து பிடித்துக் கோடாக்கும் வசதி பல வருடங்களாகவே இருக்கிறது. சுத்தமான லோகோ, அச்செழுத்து போன்றவற்றுக்கு அது நன்றாகவே உதவும். ஆனால் பழைய நிலப்படத்தில் அதை அவிழ்த்துவிட்டால் தாளின் மடிப்பு ஒரு வரப்பாகிவிடும், ஈ உட்கார்ந்துவிட்டுப் போன இடம் சர்வே கல் ஆகிவிடும், 47 என்ற எண்ணே நாலைந்து குட்டி வாய்க்கால்களாக வந்து நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க ஆள் வேண்டும்.

கிராமம் முழுவதையும் ஒரே தாளில் காட்டும் கிராம வரைபடம், சாலைப் படம், கண்மாய்ப் படம் போன்றவற்றை இப்படித் தடம் பிடித்து எடுப்பது வழக்கம். எந்த வயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு அது போதும். வரப்பு எங்கே என்று அடித்துச் சொல்வதற்குப் போதாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பென்சில் கோட்டின் கனம் எத்தனை சென்ட்?

ஒரு படம் 2000-க்கு 1 என்ற அளவில் வரையப்பட்டிருக்கிறது என்றால் தாளில் 1 மில்லிமீட்டர் தரையில் 2 மீட்டர். பென்சில் கோட்டின் கனமே கால் மில்லிமீட்டர் இருக்கும். அது தரையில் அரை மீட்டர், அதாவது ஒன்றரை அடிக்கும் மேல். கோட்டின் இந்த ஓரத்தில் கிளிக் செய்வதா, அந்த ஓரத்தில் கிளிக் செய்வதா என்பதிலேயே 100 மீட்டர் வரப்புக்கு 50 சதுர மீட்டர் போய்விடும். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். ஆக, கை நடுங்கியதற்கு ஒன்றே கால் சென்ட் காலி. கிருஷ்ணன்கோவில் மெயின் ரோட்டு ஓரத்தில் ஒன்றே கால் சென்ட் என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தாள் வேறு சும்மா இருக்காது. வெயிலில் சுருங்கும், ஈரத்தில் விரியும், மடிப்பில் தேயும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் அதிலும் கொஞ்சம் மாறும்.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது சட்டென்று புரியும். அளவு ஜாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இதைப் பார்த்துத் தச்சுக் குடுங்க" என்றால் எந்த டெய்லரம்மா ஒத்துக்கொள்வார்? உயரம் 14, மார்பு 36, கை 9 என்று நோட்டில் எழுதிய எண்ணைத்தான் கேட்பார். வயலுக்கும் அப்படி ஒரு அளவு நோட்டு இருக்கிறது. அதுதான் புலப்படப் புத்தகம், சர்வே ஆபீஸில் எஃப்.எம்.பி. என்பார்கள். அதிலே படமும் இருக்கும், எண்களும் இருக்கும். உண்மையான சரக்கு எண்களில்தான் இருக்கிறது.

எண்கள் எப்படி வந்தன?

முன்காலத்தில் நிலத்தைச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் உருவாக்கிய சங்கிலி அது. நீளம் 66 அடி, அதில் 100 கண்ணி. ஒரு கண்ணியை லிங்க் என்பார்கள். ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் உள்ள இடம் சரியாக 10 சென்ட். பத்து அப்படிச் சேர்ந்தால் ஒரு ஏக்கர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு வசதியாகப் போட்ட கணக்கு. (சென்னையில் 1794-ல் நில அளவை கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். அதுதான் வளர்ந்து இன்று கிண்டி இன்ஜினியரிங் காலேஜாக நிற்கிறது.)

வயல்கள் எல்லாம் சதுரமாகவா இருக்கின்றன? நம் பக்கம் மலையடிவாரத்திலிருந்து ஓடை ஓடி வந்து கண்மாயில் சேரும். ஓடையோரத்து நிலம் கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். இதற்குச் சர்வேயர்கள் கண்ட வழி முக்கோணம். வயலின் மூலைகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்து, எதிர் எதிர் மூலைகளைக் குறுக்கே இணைத்து அளப்பார்கள். வயல் முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். இப்படிக் குறுக்கே போகும் கோட்டை ஜி லைன் என்பார்கள். படத்தில் புள்ளிக்கோடாகத் தெரியும். வரப்பை ஒட்டிப் போகும் கோடு எஃப் லைன். வரப்பு எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் அளவுக்கோட்டிலிருந்து செங்குத்தாக எத்தனை தூரம் என்று அளந்து எழுதுவார்கள். அதற்கு ஆஃப்செட் என்று பெயர்.

முக்கோணத்தை ஏன் பிடித்தார்கள் தெரியுமா? நாலு குச்சியைக் கட்டி ஒரு சட்டம் செய்தால் அதைக் கையால் அமுக்கிச் சாய்க்கலாம். மூன்று குச்சியைக் கட்டிப் பாருங்கள், சாயாது. மூன்று பக்கத்தின் நீளம் தெரிந்தால் அந்த முக்கோணம் ஒரே விதமாகத்தான் வரும். தாளே தொலைந்து போனாலும் எண்கள் மட்டும் இருந்தால் வயலை மறுபடி அப்படியே வரைந்துவிடலாம்.

தமிழ்நாட்டில் புலப்படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது செய்தது இதைத்தான். மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் என்ற சாஃப்ட்வேரில், பழைய படத்தைப் பார்த்து ஜி லைன் எவ்வளவு, எத்தனாவது மீட்டரில் எத்தனை ஆஃப்செட் என்று எண்களைத் தட்டுவார்கள். படத்தை அதுவே வரைந்து, பரப்பையும் கணக்கிட்டுவிடும். பக்கத்துப் பக்கத்து வயல்களை ஒட்டுப்போட்டு கிராமம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கவும் முடியும். அப்படிச் சேர்க்கும்போது இரண்டு வயலின் எல்லை ஒன்றன் மேல் ஒன்று ஏறினாலோ, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத சந்து விழுந்தாலோ எங்கோ ஓர் அளவு தப்பு என்று தெரிந்துவிடும்.

வளைவு நேராகிப் போனது எப்படி என்ற கேள்விக்கு இப்போது வருவோம். கம்ப்யூட்டர் ஒரு ஆஃப்செட்டிலிருந்து அடுத்த ஆஃப்செட் வரை நேர்கோடுதான் இழுக்கும். கையால் வரைந்தவர் ஓடைக்கரையைக் கொஞ்சம் வளைத்து இழைத்து வரைந்திருக்கலாம். அளவு ஒன்றுதான், பார்வைக்குத்தான் வேறு. இது முதல் காரணம், இதில் பயமில்லை. இரண்டாவது காரணம் ஒன்று இருக்கிறது. நடுவில் இருந்த ஓர் ஆஃப்செட் விட்டுப்போயிருக்கலாம். மடிப்பில் அழிந்து எண் தெரியாமல் போயிருக்கலாம், அவசரத்தில் தட்டாமல் விட்டிருக்கலாம். இதில்தான் நிலம் போகும். 60 மீட்டர் நீள வரப்பு நடுவில் 4 மீட்டர் வெளியே தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு எண் விட்டுப்போனால் 120 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 3 சென்ட், படத்தில் காணாமல் போய்விடும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கச் சர்வே படித்திருக்க வேண்டியதில்லை. பழைய படத்தில் அந்த ஓரத்தில் எத்தனை எண்கள் எழுதியிருக்கிறது, புதுப் படத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்து எண்களும் ஒன்றாக இருந்தால் வளைவு நேராகத் தெரிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஓர் எண் குறைந்தால் விசாரிக்க வேண்டும்.

ஏழு ஒன்றாகும், மூன்று எட்டாகும்

எண்ணைத் தவறாகப் படிப்பதும் உண்டு. பழைய மை, பழைய கையெழுத்து. ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாது, மூன்றும் எட்டும் ஒன்றுபோல இருக்கும். பெரிய தப்பு என்றால் சாஃப்ட்வேரே மாட்டிக்கொடுக்கும். ஒரு முக்கோணத்தில் எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூன்றாவதை விட அதிகமாக வர வேண்டும். 12.4 என்பதைப் புள்ளி வைக்காமல் 124 என்று தட்டினால் முக்கோணம் மூடாமல் போக வாய்ப்பு அதிகம், வேலை செய்பவருக்கு உடனே தெரியும். சின்னத் தப்புதான் தப்பித்துவிடும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நாலு மூலை வயல். குறுக்குக் கோடு 100 மீட்டர். அதற்கு ஒரு பக்கத்து மூலை 47 மீட்டர் தள்ளி, மறுபக்கத்து மூலை 30 மீட்டர் தள்ளி. இரண்டையும் கூட்டினால் 77. நூறால் பெருக்கிப் பாதியாக்கினால் 3,850 சதுர மீட்டர். பட்டாவில் இதை 0 - 38.50 என்று எழுதுவார்கள், அதாவது 0 ஹெக்டேர் 38.50 ஏர். நம்ம கணக்கில் 95 சென்ட். 47-ஐ 41 என்று தட்டிவிட்டால்? 71-ஐ நூறால் பெருக்கிப் பாதியாக்குங்கள். 3,550 தான் வரும். 0 - 35.50. ஏழு சென்டுக்கு மேல் குறைந்துவிட்டது. முக்கோணமும் மூடும், படமும் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இதைப் பிடிக்கத்தான் பரப்பை ஒப்பிட வேண்டும். புலப்படத்தின் தலைப்பில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண்ணோடு பரப்பும் இருக்கும். அ-பதிவேட்டிலும் அதே சர்வே எண்ணுக்குப் பரப்பு இருக்கும். பட்டாவில் உங்கள் உட்பிரிவுக்கு உண்டான பரப்பு இருக்கும். அ-பதிவேட்டில் 38.50 என்றும் படத்தில் 35.50 என்றும் இருந்தால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எண்களைத் தட்டியவரும் நம்மைப் போல ஒருவர்தான், நாளெல்லாம் திரையைப் பார்த்துத் தட்டியவர். அவரைத் திட்டுவதில் பயன் இல்லை. சரிபார்க்க வேண்டியவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள். நம் ஊர்களில் அந்த வேலையை ஆண்களிடமே விட்டுவைத்திருக்கிறோம், அது எனக்குச் சம்மதமில்லை.

பழைய தாளில் 234 என்றும் புதுத் தாளில் 47.1 என்றும் இருந்தால் பதற வேண்டாம். பழையது லிங்க் கணக்கு, புதியது மீட்டர். ஒரு லிங்க் 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 234 லிங்க்கை 0.2012-ஆல் பெருக்கினால் 47.1 வந்துவிடும். 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று வி.ஏ.ஓ. ஆபீஸில் சொல்வார்களே, அதில் நிலக் கணக்குகள் ஹெக்டேர், ஏர் என்று மாறின. அந்தச் சமயத்தில் பெயரிலும் பரப்பிலும் நுழைந்த பிழைகள் சில இன்றைக்கும் வழக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய பதிவில் இருந்த பிழை கம்ப்யூட்டரில் ஏற்றியதால் சரியாகிவிடாது. பழைய தப்பையும் சுத்தமான கோடாக, கறுப்பு மையில் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும். பிரிண்ட் பளிச்சென்று இருக்கிறது என்பதற்காக அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

நீங்கள் செய்யக்கூடியது

புலப்படம் பார்க்கப் பணம் வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் வரும். செல்போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட வேண்டும். பட்டாவையும் அ-பதிவேட்டையும் அங்கேயே பார்க்கலாம். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். நத்தம் வீட்டு மனைக்குத் தனிப் பதிவேடு, அதை இன்னொரு இதழில் பார்க்கலாம்.

பிரிண்ட் எடுத்த தாளின் மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். தாளின் அளவுக்கு ஏற்பப் படம் சிறியதாகவோ பெரியதாகவோ அச்சாகும். எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய், கல்லிலிருந்து கல்லுக்கு டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பேர் போதும். டேப் தொய்யாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். மேடு பள்ளத்தில் தரையோடு ஒட்டிப் பிடித்தால் நீளம் கூடும், ஆகவே மட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே வருவது சகஜம். மீட்டர் கணக்கில் இடித்தால்தான் யோசிக்க வேண்டும். உங்களுக்காகப் பார்க்கும் அளவு இது, சண்டைக்கு எடுத்துப் போகும் அளவு இல்லை. பக்கத்து வயல்காரரிடம் "என் படத்துல இப்படி இருக்கு" என்று சொல்லி வரப்பை வெட்டப் போகாதீர்கள்.

வித்தியாசம் இருந்தால் எல்லையை அளந்து காட்டும்படி மனு கொடுக்கலாம். எஃப் லைன் மனு என்பார்கள். கட்டணம் உண்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்துத்தான் நில அளவர் வந்து அளப்பார். அளவெடுக்கும் அன்று வீட்டு ஆம்பளைகளை மட்டும் அனுப்பிவிட்டு நாம் சமையலைப் பார்க்கக் கூடாது. பட்டா உங்கள் பெயரில் இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும், எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். படத்திலோ பரப்பிலோ பிழை என்றால் வட்டாட்சியருக்கு எழுத்து மூலமாக மனு, பழைய நகலும் புது நகலும் இணைத்து. வருடா வருடம் பசலி முடியும் சமயத்தில் நடக்கும் ஜமாபந்தியிலும் கொடுக்கலாம், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் மனு எண் வாங்காமல் வராதீர்கள்.

சர்வே கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1923-ஆம் வருட நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி நம் நிலத்தின் கல்லைப் பாதுகாப்பது நம் பொறுப்பு. டிராக்டர் ஓட்டும்போது இடித்தது, துணி துவைக்க எடுத்துப் போனது என்று கல் போய்விட்டால் கம்ப்யூட்டரில் எத்தனை சரியான கோடு இருந்தாலும் அதைத் தரையில் எங்கே வைத்து ஆரம்பிப்பது?

பங்கு பிரிக்காத குடும்பங்களில் பெண்களுக்கு இந்த விஷயம் இன்னும் முக்கியம். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. அதில் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் விட்டுப்போனார்கள். 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் மகனுக்குச் சமமாக மகளுக்கும் என்று ஆக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் பங்கு உண்டு என்பது வேறு, படத்தில் நமக்கென்று ஒரு கோடு விழுவது வேறு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "வடக்குப் பக்கம் 40 சென்ட்" என்று எழுதிவிட்டு, உட்பிரிவு செய்யாமல் கூட்டுப் பட்டாவாகவே பல வருடம் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அந்த 40 சென்ட் ரோட்டோரத்திலா, ஓடையோரத்திலா என்று சண்டை. பத்திரம் முடிந்த கையோடு உட்பிரிவுக்கும் மனு கொடுத்துவிடுங்கள். நில அளவர் அளந்து, முழுவயல் படத்தில் ஒரு கோடு கூடுதலாகப் போடுவார். 45/2 என்பது 45/2ஏ, 45/2பி என்று பிரியும். கோடாக மாற்றி வைத்திருப்பதன் லாபமே இதுதான். படம் முழுவதையும் மறுபடி வரைய வேண்டாம், நம்ம கோடு ஒன்று விழுந்தால் போதும்.

புலப்படம் என்பது எல்லைக்கு ஆதாரம், நிலம் யாருடையது என்பதற்குப் பத்திரமும் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தொலைத்துவிடாதீர்கள்.

வீட்டில் பெண்பிள்ளைகள் இந்த வரையும் வேலையைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால், ஐ.டி.ஐ.யில் டிராட்ஸ்மேன் சிவில் என்று இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. பத்தாவது முடித்தவர்கள் சேரலாம். லிப்ரேகேட், கியூஜிஸ் என்ற இரண்டு சாஃப்ட்வேரும் இலவசம். ஒரு படத்தை அடியில் வைத்து மேலே தடம் பிடித்து வரைவதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பழகலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பட்டா நகல், புலப்படம், வீட்டில் பழைய படம் இருந்தால் அதையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வாருங்கள். ஊக்குநர்கள் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடவும். 30 மீட்டர் டேப் ஒன்று கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. வேண்டிய குழு நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், மூன்று நாளில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.